அவரவர் சேதியை அடுத்தவர் சொல்லும் நாள்

எங்கள் கூட்டத்துக்கு இரண்டே சட்டங்கள். ஒன்று, தன் சேதியைத் தானே சொல்லக் கூடாது. இன்னொருவர்தான் சொல்ல வேண்டும். இரண்டு, அன்று முழுக்கத் தமிழ்தான். யார் வாயிலிருந்து இந்தி வந்தாலும் அவர் காபி டம்ளர்களைக் கழுவ வேண்டும். ஜனவரி மாத தில்லியில் மாடித் தொட்டித் தண்ணீரில் டம்ளர் கழுவுவது என்ன தண்டனை என்று தெரியாதவர்கள் ஒரு தடவை கழுவிப் பார்க்கட்டும். விரல் பத்தும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

நாங்கள் பதினோரு பேர். ஒரே கல்லூரியில் பி.காம் படித்தவர்கள். எல்லாரும் தில்லித் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். அப்பாக்கள் மத்திய அரசு வேலையில், சரோஜினி நகரிலோ கிட்வாய் நகரிலோ குவார்ட்டர்சில் இருந்தவர்கள். வகுப்பில் கடைசி இரண்டு பெஞ்சு எங்களுடையது. ஒரு டிபன் டப்பா திறந்தால் பதினோரு கை நுழையும். அதற்குப் பிறகு பரீட்சை, வேலை, கல்யாணம், மாற்றல், பிள்ளைகள் என்று ஆளுக்கொரு திக்கில் போய்விட்டோம். இருபது வருஷத்துக்கு மேல் யாருக்கும் யாரைப் பற்றியும் சரியாகத் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்களில் ஒருவன் எல்லாருடைய நம்பரையும் தேடிப் பிடித்து செல்போனில் ஒரு குரூப் ஆரம்பித்தான். அன்றிலிருந்து வருஷா வருஷம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹாரில், ஒருத்தியின் தரைத்தள வீட்டு முன்னால் இருக்கும் புல்வெளியில் நாற்காலி போட்டு வெயில் காய்கிறோம்.

முதல் சட்டம் வந்த கதை இதுதான். முதல் வருஷம் ஒருவன் தன் மகனுக்கு வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்ததை முக்கால் மணி நேரம் சொன்னான். விசா ஆபீஸ் வாசலில் எந்தப் பக்கம் வரிசை நின்றது என்பது உட்பட. அடுத்த வருஷமே எங்களில் வக்கீலாக இருப்பவன் எழுந்து நின்று சட்டம் போட்டுவிட்டான். தீபாவளி முடிந்ததும் பதினோரு பெயரையும் சீட்டெழுதிக் குலுக்க வேண்டும். யாருக்கு யார் பெயர் வருகிறதோ அவர் அந்த ஆளோடு போனில் பேசி, முடிந்தால் நேரில் போய்ப் பார்த்து, சேதி சேகரித்து ஜனவரியில் ஐந்து நிமிஷம் சொல்ல வேண்டும். சொல்லும்போது சம்பந்தப்பட்டவர் வாயைத் திறக்கக் கூடாது. "மறுப்பு, திருத்தம், விளக்கம், எதுவும் கிடையாது" என்றான் வக்கீல்.

நல்ல சட்டம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தச் சட்டம் இல்லாவிட்டால் எங்கள் ஆட்களின் அருமை எங்களுக்கே தெரிந்திருக்காது. நாங்கள் கூடுகிற அந்த மயூர் விஹார் வீட்டுக்கார அம்மாளையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி வாசலில் ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொண்டவள் அவள். இன்றைக்கு கஸ்டம்ஸில் சரக்கு ஷெட்டு முழுவதும் அவள் கையில். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் ஐம்பது ஆண்கள் பேச்சை நிறுத்துவார்களாம். இதை அவளே சொல்லியிருப்பாளா? சொல்ல மாட்டாள். "ஏதோ ஓடுது" என்பாள். வக்கீலும் அப்படித்தான். ஜே.ஜே. காலனி என்கிற குடிசைவாசிகள் குடியிருப்புகளில் இருக்கும் நம் ஊர்ப் பெண்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், சம்பளம் பாக்கி, போலீஸ் மிரட்டல் என்று வந்தால் சனிக்கிழமை தோறும் அவர்களுக்காக ஓசியில் ஆஜராகிறான். இருபத்தைந்து வருஷமாக! அவன் மனைவிக்கே பாதிதான் தெரியும். அவன் சீட்டை எடுத்தவள் கோர்ட்டு வாசலில் ஒருநாள் பூரா நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அவன் காது சிவந்துபோய், வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க வேண்டுமே. நாங்கள் கைதட்டி மகிழ்ந்தோம். இப்படிப்பட்டவர்களோடு ஒரு டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டோம் என்று நினைத்தால் எனக்குப் பெருமையில் தலைகால் புரிவதில்லை.

ஆனால் அந்த வாய் திறக்கக் கூடாது என்கிற சட்டத்தை வைத்தே நான் ஒருத்தியைக் குத்திவிட்டேன்.

அவள் சரோஜினி நகரில் எங்களுக்குப் பக்கத்து பிளாக். அவர்கள் பூர்வீகம் திருநெல்வேலி, எங்களுடையது கும்பகோணம். தில்லியில் பிறந்து வளர்ந்தும் அவள் பேச்சில் தாமிரபரணி அப்படியே ஓடும். என்னை "ஏட்டி" என்று கூப்பிடுகிற ஒரே ஆள். புள்ளியியலில் வகுப்பிலேயே முதல். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருஷம் அரசாங்கப் பரீட்சை எழுதினோம். அவள் மார்க்கு என்னைவிட அதிகம். நான் மத்திய அமைச்சகத்தில் ஏறி ஏறி அண்டர் செக்ரட்டரி ஆகிவிட்டேன். அவள் இந்தியா முழுக்க மாற்றல் உள்ள ஒரு துறையில் சேர்ந்து, சேர்ந்த இடத்துக்கு ஒரு படி மேலே, அங்கேயே நின்றுவிட்டாள். கிட்வாய் நகரில் அதே இரண்டு அறை வகைக் குவார்ட்டர். அரசாங்க வீட்டில் வளர்ந்த எங்களுக்கு இது ஒரு வியாதி. ஒருவர் பதவிக்குத் தக்க எந்த டைப் குவார்ட்டரில் இருக்கிறார் என்று கேட்டால் போதும், அவர் வாழ்க்கையையே படித்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். எனக்கு அந்த வியாதி முற்றிய நிலை.

இரண்டு வருஷத்துக்கு முந்தின குலுக்கலில் அவள் சீட்டு எனக்கு வந்தது. நேரில் போய்ப் பார்க்கச் சோம்பல். டிசம்பரில் ஒருநாள் சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் கடை முன்னால் அவளே எதிரில் வந்தாள், பக்கத்தில் அவள் மகள். இருபது இருபத்தொரு வயசு இருக்கும், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு. எங்கள் கூட்டத்துக்கு யாரும் குடும்பத்தை அழைத்து வருவதில்லை என்பதால் அந்தப் பெண்ணை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். புகைமூட்டத்துக்காக நான் முகத்தில் மாஸ்க் மாட்டியிருந்தேன்.

"என்னம்மா, என்ன பண்றே இப்போ?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் பக்கம் முழுசாகத் திரும்பி, "ஆன்ட்டி பூச் ரஹீ ஹை, க்யா கர்தீ ஹோ" என்று என் கேள்வியையே இந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பெண் ஏதோ "லேப்" என்று இந்தியில் முனகினாள். கடைக்காரர்கள் கத்தலில் சரியாகக் கேட்கவில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் யார்? எங்கள் சொசைட்டியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறவள். பெற்றோர்கள் வீட்டில் இந்தி பேசினால் வாசலில் நிறுத்தித் திட்டுகிறவள். என் சொந்த மகன் புனாவிலிருந்து இங்கிலீஷில் மட்டும்தான் மெசேஜ் அனுப்புவான், அது வேறு விஷயம்.

"ஏண்டி, பெத்த பொண்ணுகிட்ட இந்தியா? உங்கம்மா இருந்தா என்ன சொல்லுவாங்க?" என்றேன்.

"இல்லட்டி, அவளுக்கு வந்து..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"போதும் போதும், எல்லாரும் சொல்ற சாக்குதான்" என்று சொல்லிவிட்டு நான் ஆட்டோ பிடித்துவிட்டேன். அவள் வாக்கியத்தை முடிக்கக்கூட விடவில்லை.

ஜனவரியில் என் முறை வந்தபோது ஐந்து நிமிஷமும் அவளை வைத்துக் கூத்தடித்தேன். அவள் ஆபீசில் எனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் கேட்டு வைத்திருந்தேன்: மூன்று தடவை ப்ரமோஷன் வந்தும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள், மூன்றாவது தடவை வந்தது சென்னைக்கு. "சென்னைக்கே ப்ரமோஷன் குடுத்தும் போகாத ஒரே தமிழச்சி நம்ம ஆளுதான்! ஏன்னு கேளுங்க. வீட்ல பொண்ணுகிட்ட இந்திதான் பேச்சு. அங்க போனா தமிழ் பேசணுமே!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சட்டப்படி வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் மகளிடமிருந்து வீடியோ கால் வந்தது. அவள் போனை முகத்துக்கு நேரே பிடித்து இந்தியில் இரண்டு வார்த்தை சொன்னாள். "டம்ளர்!" என்று நான்தான் முதலில் கத்தினேன். அவள் எழுந்து போய் இருபத்திரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன்" என்று கிளம்பினாள். அடுத்த ஜனவரியில் வரவில்லை. கேட்டதற்கு "சோலி இருக்கு" என்று ஒரு வரி அனுப்பினாள். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. நான் அவ்வளவு கெட்டிக்காரி.

போன நவம்பரில் கஜக் சாப்பிட்டு என் முன்பல் உடைந்தது. எள்ளும் வெல்லமும் அடித்துத் தட்டையாகப் போட்டு விற்பார்களே, குளிர் ஆரம்பித்தால் எனக்கு அது இல்லாமல் முடியாது. பல் டாக்டர், உடைந்ததை ராவி மேலே உறை போட வேண்டும், முன்பல் என்பதால் நிறம் சரியாகப் பொருந்த வேண்டும், லேபிலிருந்து ஆளையே வரச் சொல்கிறேன் என்றார். "அந்தப் பெண் கண்ணில் பட்டால் போதும், பக்கத்துப் பல்லுக்கும் அவள் செய்கிற பல்லுக்கும் எனக்கே வித்தியாசம் தெரியாது" என்று இந்தியில் புகழ்ந்தார். மறுநாள் என்னை ஜன்னலோரம் சாய்த்து உட்காரவைத்து, வாயைக் கிளிப் போட்டு அகலமாகத் திறந்துவைத்தார்கள். கதவு திறந்தது. கம்பளித் தொப்பியைக் கழற்றிக்கொண்டே என் தோழியின் மகள் உள்ளே வந்தாள்.

தொப்பி போனதும் பார்த்தேன். இரண்டு காதிலும் கருவி.

டாக்டர் தன் மாஸ்க்கைக் கீழே இழுத்து, அவள் தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேராக நின்று மெதுவாகப் பேசினார். அவள் அவர் உதட்டைப் பார்த்தாள். தலையாட்டினாள். பதில் சொன்னாள், தட்டையான, கொஞ்சம் மூக்கால் வருகிற குரல், ஆனால் சொல்லெல்லாம் சுத்தம். பிறகு பையிலிருந்து சீப்பு மாதிரி வரிசையாகப் பல் பதித்த ஒரு அட்டையை எடுத்து, ஒவ்வொன்றாக என் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். குழல் விளக்கை அணைக்கச் சொன்னாள். வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை. ஏழெட்டு நிமிஷம் என் வாயைத் தவிர உலகத்தில் அவளுக்கு வேறெதுவும் இல்லை. குறிப்பு எழுதி முடித்த பிறகுதான் என் முழு முகத்தையும் பார்த்தாள். சிரித்தாள். "ஆப் மம்மி கீ தோஸ்த் ஹை நா?"

அம்மாவின் தோழிதானே என்கிறாள்; அம்மாவின் போனில் எங்கள் கூட்டத்துப் போட்டோவைப் பார்த்திருக்க வேண்டும். நான் என்ன சொல்வேன்? வாயில் கிளிப். வாழ்நாளில் ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருந்தது அன்றுதான். மார்க்கெட்டில் மாஸ்க்குக்குள்ளிருந்து, அதுவும் தமிழில், அந்தப் பெண்ணிடம் நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அவள் என்னை உற்றுப் பார்த்தது திமிரில்லை, என் வாயைத் தேடியிருக்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த வாரமே கிட்வாய் நகருக்குப் போனேன். கையில் ஆரஞ்சுப் பை. கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே, "பல்லு எப்படி இருக்கு?" என்றாள். மகள் சொல்லியிருக்கிறாள்.

"என்னை நாலு அறை அறைஞ்சுடுடி" என்றேன்.

"வா, உக்காரு. காப்பி போடுதேன்."

"ஏண்டி சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா என்ன சொல்லுவீங்க? பாவம்பீங்க. அவ பொறந்த ரெண்டு வருசத்துல அந்த வார்த்தைய நான் ஆயிரம் தடவ கேட்டுட்டேன். சொந்தக்காரங்க, ஆபீஸ்ல, கோயில்ல. அவ முகத்தப் பாத்துக்கிட்டே சொல்லுவாங்க. அவளுக்கு வாயைப் படிக்க வந்ததும், இனிமே அந்த வார்த்தை அவ கண்ணுல படக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். அவ்வளவுதான்."

குக்கர் விசில் அடித்தும் குழந்தை திரும்பிப் பார்க்காததில்தான் தெரிந்ததாம். பயிற்சி கொடுத்த டீச்சர், குழந்தைக்கு ஒரே மொழி போதும், பள்ளி, பஸ், கடை எல்லாம் எந்த மொழியோ அதையே வீட்டிலும் பேசுங்கள், இரண்டைக் கலந்தால் இரண்டும் வராது என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அப்படிச் சொல்வார்களோ என்னவோ, அன்றைக்குச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே அவளும் கணவரும் வீட்டில் தமிழை நிறுத்தினார்கள். மகள் எதிரில் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ளவில்லை. கண்ணாடி முன்னால் மகளை மடியில் உட்காரவைத்து, "ப"வுக்கு உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து அது ஆடுகிறதா பார்க்க வேண்டும். "க"வுக்குத் தன் தொண்டையில் குழந்தையின் கையை வைத்துக்கொள்ள வேண்டும். "ரோட்டிங்கற ஒரு வார்த்தைக்கு மூணு மாசம் ஆச்சு" என்றாள். ஆபீசுக்கு முன்னால் ஒரு மணி நேரம், வந்த பிறகு இரண்டு மணி நேரம், பதினைந்து வருஷம். முதல் ப்ரமோஷன் கௌஹாத்திக்கு, இரண்டாவது நாக்பூருக்கு. பள்ளிக்கூடத்துக்காக விட்டாள்.

"மூணாவது சென்னை. அப்போ ஸ்கூல் முடிஞ்சுட்டு. எல்லாரும் போன்னாங்க. எனக்கும் ஆசைதான், இல்லாமயா? ஆனா அங்க போனா ஊரே தமிழ்ல பேசும். கண்டக்டர், பக்கத்து வீடு, கடைக்காரன், ஒருத்தர் வாயும் அவளுக்குப் புரியாது. கஷ்டப்பட்டுத் திறந்த கதவ நானே சாத்துன மாதிரி ஆயிரும். சொந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போயி அவள மறுபடி செவிடாக்கணுமா?"

நான் இதைத்தான் ஜோக்காக்கிச் சிரிக்க வைத்தேன். ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தேன்.

"நீ தமிழ்ல பேசவே இல்லையாடி அவகிட்ட? ஒரு தடவைகூடவா?"

அவள் காபி டம்ளரைச் சுற்றிக்கொண்டே சிரித்தாள். "ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பிட்டுப் படுப்போம்லா. அவ தூங்கினப்பறம் பேசுவேன். அவளுக்குக் கேக்கவா போகுது? கண்ணும் மூடியிருக்கும். என்ன பெரிசா, ஆபீஸ் கதைதான். லிப்ட் ஓடல, மேனேஜர் கத்துனாரு, இப்படி. சின்னதுல இருந்து பழக்கமாயிட்டு."

ஜனவரிக்கு வாயேன் என்றேன். "நான் வந்து என்ன செய்ய? நீங்க ஒண்ணு சொல்லுவீங்க, நான் வாயைப் பொத்திக்கிட்டுக் கேக்கணும். அதான உங்க ரூல்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"நான் சொன்னதை நானே திருத்திச் சொல்றேன். பொண்ணையும் கூட்டிட்டு வா."

"பாக்கலாம்" என்றாள். அந்தப் "பாக்கலாம்" எனக்குத் தெரியும். வர மாட்டேன் என்று அர்த்தம். வாசல்வரை வந்தவள், நான் படி இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "பேசுறவங்க முகத்துல வெளிச்சம் விழணும். முதுகுக்குப் பின்னால வெயில் இருந்தா அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அன்று சாயங்காலமே வக்கீலுக்குப் போன் பண்ணி, அவள் சீட்டு எனக்கு வேண்டும் என்றேன். சட்டம் பேசினான். நடந்ததைச் சொன்னேன். "சிரிச்சதுல நானும் உண்டு" என்றான். வீட்டுக்கார அம்மாளுக்குத்தான் அவள் பெயர் வந்திருந்தது. அவள் மறுபேச்சில்லாமல் என் கையில் இருந்த சீட்டை வாங்கிக்கொண்டு அதை எனக்குக் கொடுத்துவிட்டாள். மற்றவர்களிடம் மூச்சுவிடக் கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கினேன். சேதி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும், முன்கூட்டி முகத்தில் பரிதாபத்தை வைத்துக்கொண்டு யாரும் அந்தப் பெண்ணைப் பார்க்கக் கூடாது.

இந்த ஜனவரியில், பொங்கல் கழிந்த ஞாயிறு பத்து மணிக்கு நாற்காலி போட்டோம். பதினொன்று. பன்னிரண்டு. கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கழுத்து திரும்பியது. ஒருவர் சேதி முடிந்து இன்னொருவர் சேதி ஓடுகிறது. என் காதில் ஒன்றும் ஏறவில்லை. கடைசியாக என் முறையை வைக்கச் சொல்லியிருந்தேன். சாப்பாடு ஆயிற்று, காபி ஆயிற்று. "இனிமே ஆரம்பிக்கவா, இல்ல..." என்று வக்கீல் இழுத்தான். வெயில் போய்க்கொண்டிருந்தது. அவள் வரவில்லையென்றால் இனி எப்போதும் வர மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"இரு, இன்னும் பத்து நிமிஷம்" என்றேன். நல்ல வேளை. கேட் திறந்தது. முன்னால் மகள், பின்னால் அவள்.

நான் எழுந்து என் நாற்காலியைத் தூக்கி வெயிலுக்கு நேர் எதிரே போட்டேன். கண் கூசியது, எதிரில் இருப்பவர்கள் எனக்கு நிழலாகத்தான் தெரிந்தார்கள். பரவாயில்லை, என் முகம் தெரிந்தால் போதும். அந்தப் பெண்ணை எதிரே உட்காரவைத்தேன். வாயைத் திறந்து, இந்தியில் ஆரம்பித்தேன்.

"டம்ளர்!" என்று ஒருவன் கத்தினான். பழக்க தோஷம்.

"கழுவறேன். எல்லாத்தையும் நானே கழுவறேன். இப்ப பேசாம கேளு" என்று தமிழில் ஒரு அதட்டுப் போட்டுவிட்டு மறுபடி இந்திக்குப் போனேன்.

மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் நான் சொன்ன சேதி தப்பு, விசாரிக்காமல் சொன்னேன், சொல்ல வந்தவளைச் சொல்லவிடாமல் செய்தேன். அவள் ஏன் மூன்று தடவை எழுதிக்கொடுத்தாள் என்பதைச் சொன்னேன். கண்ணாடியைச் சொன்னேன், காகிதத் துண்டைச் சொன்னேன், ரோட்டியைச் சொன்னேன். நான் ஆபீசில் ஏறின படிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அவள் உட்கார்ந்த இடத்திலேயே செய்த வேலைக்குப் பக்கத்தில் வராது என்றேன். கடைசியில் அந்தப் பெண்ணின் பல் வேலையைச் சொல்லி, என் உதட்டைத் தூக்கி முன்பல் வரிசையைக் காட்டினேன். "இதில் எது இவள் செய்தது, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்." வரிசையாக வந்து குனிந்து பார்த்தார்கள். ஒருத்தரும் சரியாகச் சொல்லவில்லை. அந்தப் பெண் கைகொட்டிச் சிரித்தாள். பாவம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் அது தோன்றவே இல்லை. வீட்டுக்கார அம்மாள் தன் கடைவாய்ப் பல்லைக் காட்டி இந்தியில் யோசனை கேட்டாள். வக்கீல் பல்லின் நிறம் எத்தனை வகை என்று இந்தியில் குறுக்கு விசாரணை செய்தான். "டம்ளர், டம்ளர்" என்று ஒருவரை ஒருவர் காட்டிக் கத்திக்கொண்டு ஒரே கலாட்டா. என் தோழி மட்டும் சட்டத்தை மதித்து வாய் திறக்காமல், சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் குழாயடிக்குப் போனேன். சொன்னால் சொன்னதுதான். மூன்றாவது டம்ளரிலேயே விரல் மரத்துவிட்டது. பக்கத்தில் யாரோ குந்தினார்கள். அந்தப் பெண், ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிக்கொண்டு.

"நீ எதுக்கு?" என்றேன், முகத்தை அவளுக்கு நேராகத் திருப்பி, இந்தியில்.

"நானும் இந்திதானே பேசினேன். ரூல் என்றால் ரூல்" என்றாள்.

இரண்டு டம்ளர் கழுவினாள். பிறகு என் கையைத் தொட்டு நிறுத்தினாள். "ஆன்ட்டி, ஒன்று கேட்கவா? ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கும்போது மம்மி என்னிடம் என்னவோ பேசுகிறாள். நான் தூங்குவதில்லை. சின்ன வயதிலிருந்தே தூங்குவதில்லை. கண்ணைத் துளி திறந்து பார்ப்பேன். உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரிந்ததில்லை. என்ன சொல்கிறாள்?"

எனக்குப் பின்னால் துண்டோடு வந்து நின்ற என் தோழியை அப்போதுதான் பார்த்தேன். இந்தியில் கேட்டதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது. என்னைப் பார்த்தாள். நீ சொல்லேன் என்பது போல.

"மாட்டேன்" என்றேன். "இந்தச் சேதியை நான் சொல்லக் கூடாது. நீயே சொல்லு."

அவள் துண்டை என் தோளில் போட்டாள். மகளுக்கு எதிரே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து, முகத்தை அதற்கு நேராகத் திருப்பிக்கொண்டாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள்.

"இன்னைக்கு லிப்ட் ஓடலட்டி" என்றாள். "ஆறு மாடியும் நடந்தே ஏறுனேன்."

மகள் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அர்த்தம் கேட்கவில்லை.

"ஏக் பார் அவுர்" என்றாள். இன்னொரு தடவை.

என் தோழி மறுபடியும் சொன்னாள். நான் திரும்பி உட்கார்ந்து மிச்ச டம்ளரைக் கழுவினேன்.